கலர் வேண்டாம் என்று சொல்லுங்கள்

(நமது சங்கத்தின் பாலக்காடு குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் இங்கே பிரசுரமாகிறது.)



இரண்டு வாரம் முன்பு காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "மாமா, நீங்க உணவுப் பரிசோதனை லாபிலே இருந்தவர். குழந்தைகள் தின்கிற பண்டத்திலே போடற கலரைப் பத்தி அரை மணி நேரம் பேசணும்" என்றார். சரி என்றேன். ஆனால் அந்த விஷயத்தைப் பேச வேண்டுமானால் என் சொந்தத் தவறிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். பிறரைக் குற்றம் சொல்ல அதற்குப் பிறகுதான் எனக்கு யோக்யதை வரும்.

என் தகப்பனார் தேஹண்டக்காரர். இந்த ஊர் அக்ரஹாரங்களில் கல்யாணம், பூணூல், சப்தாஹம் என்று எங்கே நடந்தாலும் உருளியைத் தூக்கிக்கொண்டு போவார். கெமிஸ்ட்ரி படித்த நான் அரசாங்கப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சேர்ந்து 2005-ல் ரிடையர் ஆனேன். கலப்படத் தடைச் சட்டம், அதாவது 1954-ஆம் வருஷத்து பி.எஃப்.ஏ. சட்டம், அப்போது நடப்பில் இருந்தது. மிட்டாய், லட்டு, மிளகாய்ப் பொடி, தேயிலை என்று எத்தனையோ சாம்பிள்களுக்கு ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன்.

பேரனின் பூணூல்

2018-ல் என் பெண் வயிற்றுப் பேரனுக்குப் பூணூல். அப்போது அவனுக்கு ஏழு வயது. பெங்களூரில் இருப்பவர்கள் விசேஷத்தை இங்கே வைத்துக்கொண்டார்கள். சமையல்காரர் சாமான் லிஸ்ட் எழுத வந்தபோது நான்தான் சொன்னேன்: "ஜாங்கிரி நல்ல கலரா இருக்கட்டும். சம்பந்தியாத்து மனுஷா எல்லாம் வரா."

நல்ல கலராகத்தான் இருந்தது. ஆரஞ்சும் சிவப்பும் கலந்து பளபளவென்று இலையில் விழுந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். சாயங்காலம் ரோஸ் மில்க். குழந்தை இரண்டையும் வேண்டிய மட்டும் சாப்பிட்டான். இரவு ஒன்பது மணிக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. கீழ் உதடு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஊசி போட்டார், இரண்டு மணி நேரத்தில் வீக்கம் வடிந்தது. "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். சொன்னேன். "கலராக இருக்கலாம், முந்திரிப் பருப்பாகவும் இருக்கலாம். ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் தீர்மானமாகச் சொல்ல முடியாது" என்றார். நியாயமான பதில்தான்.

மறுநாள் மிச்சமிருந்த ஜாங்கிரியில் ஒன்றை எடுத்தேன். வெந்நீரில் பாகைக் கரைத்து, நாலு சொட்டு வினிகர் விட்டு, என் மனைவி ஸ்வெட்டர் பின்னும் வெள்ளைக் கம்பளி நூலில் ஒரு முழம் போட்டுக் கொதிக்க வைத்தேன். எங்கள் லாபில் முதலில் செய்கிற சோதனை இதுதான். அமிலம் கலந்த நீரில் செயற்கைச் சாயம் கம்பளியைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். லாபில் அந்த நூலிலிருந்து அம்மோனியாவால் சாயத்தைக் கழற்றி, வேறு நூலில் மறுபடி ஏற்றிப் பார்ப்போம். பிறகு காகிதத்தில் ஓடவிட்டு எந்தச் சாயம் என்று கண்டுபிடிப்போம். வீட்டில் அவ்வளவு வசதி இல்லை. இருந்தாலும் பத்து நிமிஷத்தில் நூல் செக்கச் செவேலென்று ஆரஞ்சாகிவிட்டது. குழாயடியில் அலசி அலசிப் பார்த்தேன், போகவில்லை.

சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "அண்ணா, நீங்கதானே நல்ல கலரா வேணும்னேள்?" என்றார்.

நான் பதில் பேசவில்லை. ஊரார் சாம்பிளுக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதிய நான் என் பேரன் இலையில் விழுந்ததைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அதே வருஷம் நவம்பரில் கல்பாத்தித் தேர். குழந்தையைத் தேர் பார்க்கக் கூட்டிவந்தார்கள். கடைத்தெருவில் ஆரஞ்சு நிற மிட்டாய் வாங்கித் தின்றான். அன்று இரவும் தடிப்பு. அதன் பிறகு டாக்டர் யோசனைப்படி கலர் போட்டது எதுவும் கொடுப்பதில்லை. அப்படி ஒரு தொந்தரவு திரும்ப வரவில்லை. முந்திரி சாப்பிடுகிறான், ஒன்றும் செய்யவில்லை. இது ஒரு குழந்தையின் கதைதான், விஞ்ஞான நிரூபணம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அந்த நிரூபணங்களுக்கு இப்போது வருகிறேன்.

எட்டு கலர், மூன்று வகைத் தவறு

செயற்கைச் சாயத்தின் கதை 1856-ல் லண்டனில் தொடங்குகிறது. வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்குக் கொயினா மருந்து செய்யப் போய், கரித்தாரிலிருந்து கிடைத்த பொருளில் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். துணிக்கு வந்த சாயங்கள் சீக்கிரமே தின்பண்டத்திலும் ஏறிவிட்டன. இன்று இவற்றுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியம்.

நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் மொத்தம் எட்டு. சிவப்பில் பான்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின் என்று மூன்று. மஞ்சளில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ என்று இரண்டு. நீலத்தில் இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ. பச்சையில் ஃபாஸ்ட் கிரீன். இவற்றையும் எல்லாப் பண்டத்திலும் போட முடியாது. ஐஸ்கிரீம், பிஸ்கட், கேக், மிட்டாய், இனிப்பு, சர்பத், ஜெல்லி என்று சட்டம் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. பெரும்பாலானவற்றில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

ஆகவே தவறு மூன்று வகையில் நடக்கிறது.

முதலாவது, உணவுக்கே ஆகாத சாயம். ரோடமின் பி என்பது துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற ரோஜா நிறச் சாயம். மெட்டானில் யெல்லோவும் அந்த ஜாதிதான், மஞ்சள் பொடியிலும் லட்டிலும் அகப்படும். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி இருப்பது தெரிந்து முதலில் புதுச்சேரியும், பிறகு பிப்ரவரி 17-ஆம் தேதி தமிழ்நாடும் தடை போட்டது நினைவிருக்கும். அடுத்த மாதமே கர்நாடகாவில் பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் இந்தச் சாயத்துக்குத் தடை வந்தது. திருவிழாவில் குழந்தை கையில் நாம் வாங்கிக் கொடுக்கிற முதல் பண்டம் பஞ்சு மிட்டாய்.

இரண்டாவது, அனுமதித்த சாயத்தை அனுமதிக்காத பண்டத்தில் போடுவது. மிக்சரும் நேந்திரங்காய் வறுவலும் இதற்கு உதாரணம். டார்ட்ரசின் ஐஸ்கிரீமில் இருக்கலாம், மிக்சரில் இருக்கக் கூடாது. 2024-ல் கோழிக்கோடு மாவட்டத்தில் டார்ட்ரசின் சேர்த்த மிக்சர் மீது உணவுப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்தது. மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடி, தேயிலை, வெல்லம் எதிலும் செயற்கை நிறத்துக்கு இடமே கிடையாது.

மூன்றாவது, அனுமதித்த சாயத்தை அனுமதித்த பண்டத்திலேயே அளவு மீறிப் போடுவது. கல்யாணச் சமையலில் நடப்பது பெரும்பாலும் இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால், பத்து கிலோ ஜாங்கிரிக்கு மொத்தமே ஒரு கிராம். இரண்டு மூன்று சிட்டிகையில் முடிந்துவிடும். எந்தச் சமையல்காரர் தராசில் நிறுத்துப் போடுகிறார்? ஸ்பூனால் அள்ளிப் போட்டு, கண்ணால் பார்த்து, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் போடுகிறார். என்னைப் போல ஒருவர் "நல்ல கலரா" என்று சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

குழந்தைக்கு ஏன் அதிகம்?

பெரியவர்களுக்கு ஆகாதது ஒன்றும் குழந்தைக்குத் தனியாக ஆகாமல் போகுமா என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு சாயம் உட்கொள்ளலாம் என்பதை விஞ்ஞானிகள் உடல் எடைக் கணக்கில் நிர்ணயிக்கிறார்கள். எரித்ரோசின் என்ற சிவப்புக்கு அந்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ள பெரியவருக்கு ஆறு மில்லிகிராம். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒன்றரை மில்லிகிராம். சட்டப்படி கிலோவுக்கு 100 மில்லிகிராம் போட்ட இனிப்பிலேயே பதினைந்து கிராம் தின்றால் அந்த அளவு வந்துவிடும். பதினைந்து கிராம் என்பது சின்ன ஒரு துண்டு. எல்லாச் சாயத்துக்கும் அளவு இவ்வளவு குறைவு இல்லை. சன்செட் யெல்லோவுக்கு கிலோவுக்கு 4 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. ஆனால் குழந்தை ஒரே ஒரு பண்டத்தோடு நிறுத்துவதில்லை. பிஸ்கட், ஜெல்லி, சர்பத், மிட்டாய் எல்லாம் ஒரே சின்ன வயிற்றுக்குத்தான் போகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அந்நகரத்தில் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட முடிவிலும், குழந்தைகளில் சிலர் சில சாயங்களை இந்த அளவுக்கு மேல் உட்கொள்வது தெரிய வந்தது.

அடுத்தது, குழந்தைகளின் நடத்தை. 1970-களில் அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ஃபைன்கோல்ட், சாயம் சேர்த்த உணவை நிறுத்தினால் துறுதுறுப்பு அளவு மீறிய குழந்தைகள் அமைதியாகிறார்கள் என்று சொன்னார். அவர் சொன்னதில் மிகை உண்டு என்று மற்றவர்கள் மறுத்தார்கள். பல வருஷம் வாக்குவாதம் நடந்தது. 2007-ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேரையும், எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகள் 144 பேரையும் வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். சில வாரம் சாயமும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம், சில வாரம் அதே ருசியில் சாயமில்லாத பானம். எது எப்போது என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. சாயம் குடித்த நாட்களில் குழந்தைகளின் துறுதுறுப்பு சராசரியாகச் சிறிது கூடியது. லான்செட் பத்திரிகையில் அது வெளியாயிற்று.

சிறிது என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு ஒன்றுமே இல்லை, சிலருக்கு நன்றாகத் தெரிந்தது. "என் பிள்ளை படிக்காததற்கு மிட்டாய்தான் காரணம்" என்று இங்கிருந்து யாரும் கிளம்பிவிடக் கூடாது. அப்படிச் சொல்ல விஞ்ஞானத்தில் இடமில்லை. ஆனால் ஊட்டச்சத்து எதுவும் தராத, கண்ணுக்காக மட்டும் போடுகிற ஒரு பொருளுக்காகச் சிறிது அபாயத்தையும் ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்வி நிற்கிறது.

ஐரோப்பிய நாடுகள் அந்தக் கேள்வியைக் கேட்டன. அந்த ஆராய்ச்சியில் வந்த ஆறு சாயங்களில் எதைச் சேர்த்தாலும், இது குழந்தைகளின் செயலையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று 2010 ஜூலை 20 முதல் சட்டம் வந்தது. அந்த வாசகத்தை அச்சிடுவதைவிடச் சாயத்தை மாற்றிவிடுவதே மேல் என்று அங்கே பல கம்பெனிகள் முடிவு செய்தன. அந்த ஆறில் நான்கு நம் எட்டில் இருக்கின்றன: டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர். நம் பாக்கெட்டுகளில் செயற்கை நிறம் சேர்த்திருப்பதைச் சொன்னால் போதும்.

அமெரிக்காவில் 2025 ஜனவரியில் எரித்ரோசினுக்கு உணவில் இருந்த அனுமதியை ரத்து செய்தார்கள். கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். அதிக அளவு கொடுத்த ஆண் எலிகளுக்குக் கட்டி வந்ததுதான் காரணம். மனிதர்களுக்கு அந்த வழியில் வராது என்றும் அந்தத் துறையே சொல்லியிருக்கிறது. எதையும் கூட்டிச் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

என் பேரனுக்கு வந்த தடிப்பு மேலே சொன்னதில் சேராது. அது ஒவ்வாமை போன்ற விஷயம். டார்ட்ரசின் போன்ற சாயங்களால் சிலருக்குத் தடிப்பும், ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சிரைப்பும் வருவது பல காலமாகத் தெரிந்ததுதான். அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் அந்தக் குழந்தை யார் வீட்டில் இருக்கிறது என்பது தடிப்பு எழும்பின பிறகுதான் தெரியும்.

எல்லையில் நிறுத்தினால் போதுமா?

நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கலப்படம் என்றால், "எல்லாம் வாளையார் தாண்டி வரது" என்று கையை விரித்துவிடுவோம். அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலும் கம்பத்திலும் போய்க் கேட்டால், "கேரளா சிப்ஸ் மஞ்சளா மின்னுதே, அதைப் பாருங்க" என்பார்கள்.

எல்லை என்பது நமக்கு வெறும் வரைபடம் இல்லை. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எல்லாம் பாலக்காட்டுக்காரர் அன்றாடம் போய்வரும் வழி. இடுக்கி அங்கத்தினர்களுக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு. காய்கறி, பால், அரிசி, மளிகை எல்லாம் இந்த வழிகளில்தான் வருகின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிக்காக லாரியை நிறுத்துகிற செக்போஸ்ட்கள் போய்விட்டன. ஓணத்துக்கு முன்னால் பாலைச் சோதிக்கத் தனியாக ஏற்பாடு செய்வார்கள். ஆனால் லாரியில் வரும் ஒவ்வொரு மிட்டாய்ப் பெட்டியையும் கம்பளி நூல் போட்டுப் பார்க்க முடியாது.

அதைவிட முக்கியம், சாயப் பொட்டலம் லாரியில் ஒளிந்து வருவதில்லை. கேசரி பவுடர் என்ற பெயரில் மளிகைக் கடையில் நாமே வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். கேசரி என்றால் குங்குமப்பூ. அந்தப் பொடியில் குங்குமப்பூ இல்லை, அதன் நிறம் மட்டும்தான்.

இடுக்கியில் மறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறினால் மறையூர், காந்தளூர். அங்கே கரும்பை ஆட்டிக் காய்ச்சி, சூட்டோடு கையால் உருட்டுகிற வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பார்த்தால் கறுப்பும் பழுப்புமாக இருக்கும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அழுக்கு மாதிரி தோன்றும். வெல்லத்தை மஞ்சளாக்க ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு மருந்து போடுவதும், அதற்காகச் சேலம் பக்கத்து ஆலைகளில் அதிகாரிகள் பலமுறை சோதனை போட்டதும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஆலைக்காரர் ஏன் போடுகிறார்? மஞ்சள் வெல்லத்துக்கு விலை கூட. விலை கூட்டிக் கொடுப்பது யார்? நாம்தான்.

நான் வேலையில் இருந்தபோது கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "சார், கலர் போடாத லட்டை வெச்சேன், நேத்திக்குப் போட்டதான்னு கேட்டுட்டுப் போயிட்டா." அவர் செய்தது குற்றம்தான், ரிப்போர்ட்டும் எழுதினேன். ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை.

அப்பாவின் பாலடை

என் தகப்பனார் செய்த பாலடைப் பிரதமன் இளஞ்சிவப்பாக இருக்கும். சாப்பிட்ட பெரியவர்கள் சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதில் எந்தப் பொடியும் கிடையாது. பாலும் சர்க்கரையும் அடி பிடிக்காமல், நிதானமான தீயில் மணிக்கணக்காகக் கொதித்தால் தானே வரும் நிறம் அது. விடியற்காலை இரண்டு மணிக்கு உருளியை ஏற்றுவார். கரண்டியை விடாமல் கிளறுவதற்கு ஒருவர் வேண்டும். சின்ன வயதில் அந்த வேலை எனக்கு. தூங்கி விழுந்தால் தலையில் ஒரு குட்டு.

"இன்னும் நெறம் வரலைடா, கிளறு" என்பார். நிறம் வந்தால்தான் பக்குவம் வந்தது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் நிறம் என்பது ஓர் அத்தாட்சி. இவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தது, ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார் என்பதற்கு அத்தாட்சி. சர்க்கரை உப்பேரியின் பழுப்பு வெல்லப் பாகினால் வந்தது. நேந்திரங்காய் வறுவலின் மஞ்சள், மஞ்சள் தண்ணீரால் வந்தது. பந்தியில் கொடுக்கிற குடிதண்ணீரின் சிவப்பு பதிமுகக் கட்டையால் வந்தது.

இப்போது நாலு மணி நேரம் நிற்க ஆளும் இல்லை, காசு கொடுக்க மனசும் இல்லை. ஆனால் நிறம் மட்டும் வேண்டும். அதனால் ஒரு சிட்டிகைப் பொடி. பக்குவம் வராமலே அத்தாட்சி வந்துவிடுகிறது. இதைக் கள்ளக் கையெழுத்து என்றுதான் நான் சொல்வேன். அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் நாம், தின்கிறவர்கள் குழந்தைகள்.

என்ன செய்யலாம்?

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது சிலதுதான்.

விசேஷத்துக்குச் சமையல் பேசும்போது, சாமான் லிஸ்டிலிருந்து கலர் பொடியை நீங்களே அடித்துவிடுங்கள். "கலர் வேண்டாம், நெறம் இல்லேன்னா நான் குறை சொல்ல மாட்டேன்" என்று வாயால் சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். சமையல்காரர் பயப்படுவது அந்தக் குறைக்குத்தான். நிறம் வேண்டும் என்றால் நாலு இதழ் நிஜக் குங்குமப்பூ, பீட்ரூட் சாறு, மஞ்சள் போதும்.

பாக்கெட் வாங்கும்போது பின்பக்கத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். 102 என்றால் டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோய்சின், 124 பான்சோ, 127 எரித்ரோசின், 132 இண்டிகோ கார்மைன், 133 பிரில்லியண்ட் புளூ, 143 ஃபாஸ்ட் கிரீன். எட்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி மணிபர்சில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெல்லாம் கெடுதல் என்று பயப்பட வேண்டாம். 100 என்பது மஞ்சளிலிருந்து எடுத்தது, 162 பீட்ரூட்டிலிருந்து எடுத்தது.

சில்லறைக் கடையில் எண் எதுவும் இருக்காது. அங்கே உங்கள் கண்ணே துணை. நாக்கிலும் விரலிலும் ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டாலும் போகாத நிறம், இருட்டிலும் மின்னுகிற ரோஜா நிறம், எலுமிச்சைபோல மஞ்சளான மிக்சர் இவற்றைக் குழந்தைக்கு வாங்காதீர்கள். தேயிலையை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தூவினால், சாயம் ஏற்றிய தேயிலை உடனே கறையாக இறங்கும்.

சந்தேகம் உறுதியாக இருந்தால் புகார் கொடுங்கள். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கிய பண்டத்தைக் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கச் சொல்லும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. நான் சர்வீஸில் இருந்தவரை அதிகாரிகள் எடுத்த சாம்பிள்தான் என் மேஜைக்கு வந்ததே தவிர, வாங்கினவர் தாமாகக் கொண்டுவந்த சாம்பிளை நான் பார்த்ததே இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கம் நடத்துகிற விழாக்களில், குழந்தைகளுக்குப் பரிசாகக் கொடுக்கிற பாக்கெட் உட்பட, செயற்கைக் கலர் இல்லாததையே கொடுப்பது என்று நிர்வாகிகள் தீர்மானிக்க வேண்டும். மும்பை, சென்னை, டில்லி கிளைகளிலும் இதைப் பேச வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

போன வருஷம் எங்கள் வீட்டில் சின்னப் பேத்திக்கு ஆயுஷ்ய ஹோமம். அதே சமையல்காரரைத்தான் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஜாங்கிரி உளுந்தின் நிறத்தில், நெய்யில் சிவந்த மட்டும் சிவந்து, வெளிறிப்போய் இருந்தது. பந்தியில் ஒரு மாமி, "என்ன, ஜாங்கிரி சோகை பிடிச்ச மாதிரி இருக்கே?" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. எழுபது வயதுக்கு மேலும் அந்தக் கூச்சம் போகவில்லை என்றால், அது எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது பாருங்கள்.

பாலடை பரிமாறியபோது, இப்போது பெரியவனாகிவிட்ட பேரன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "தாத்தா, இது பிங்க்கா இருக்கு. கலர் போட்டிருக்கா?" என்றான். அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது பந்திக்கான உருளி இன்னும் அடுப்பில் இருந்தது. பால் வெள்ளை போய் லேசாகச் சிவக்க ஆரம்பித்திருந்தது. சமையல்காரர் அவன் கையில் கரண்டியைக் கொடுத்தார். கால் மணி நேரம் கிளறினான், கை வலிக்கிறது என்றான். பிறகு வந்து உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அன்று இரவு ஒன்பது மணி வரை நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை.